பூவிதழ் வழியாகப் புரத வலையமைப்பு: மதுரை மாணவர்களுக்கு ஒரு தொடக்கப் பயிற்சி

அபெட்டலா3 என்று ஒரு புரதம் இருக்கிறது. இளம் மொட்டுக்குள் அது ஒரு கூட்டத்தோடு சேர்ந்தால் அந்த இடத்தில் இதழ் வளர்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரேயொரு உறுப்பு மாறினால், அதே அபெட்டலா3 மகரந்தத்தாளை வளர்க்கிறது. புரதம் மாறவில்லை, கூட்டாளிதான் மாறியது. "இந்தப் பண்புக்கு எந்த மரபணு காரணம்?" என்று ஒருமையில் கேட்டுக்கொண்டு வரும் மாணவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த உதாரணத்தைத்தான். கேள்வியை "எந்தெந்தப் புரதங்கள், எங்கே, யாரோடு சேர்ந்து?" என்று மாற்றிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. புரதங்களை வட்டங்களாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் படம்தான் புரத வலையமைப்பு; அதை வரையவும் படிக்கவும் பழகுவதே இந்தப் பயிற்சி.

கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், உயிர்த்தொழில்நுட்பம் படிப்பவர்களையும் மேல்நிலை வகுப்பு உயிரியல் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வகம் வேண்டாம். இணைய இணைப்புள்ள ஒரு கணினி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பிளேடு, ஊசி, வெள்ளைத்தாள் போதும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கல்லூரிக் கணினி அறையைப் பயன்படுத்தலாம். அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் தேடுகிறவர்களுக்கு 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது.

முதல் படி: கண்ணால் எண்ணக்கூடிய ஒரு பண்பு

வறட்சியைத் தாங்குவது, விளைச்சல், சர்க்கரை நோய் போன்றவற்றில் தொடங்காதீர்கள். அவற்றின் பின்னால் ஏராளமான மரபணுக்களும் சூழலும் பின்னிக் கிடக்கின்றன. நீங்கள் வரையும் படம் சரியா, பிழையா என்று சோதிக்கவே முடியாமல் போகும். பூவின் உறுப்புகள் அப்படியல்ல. எண்ணலாம், பிரித்துப் பார்க்கலாம்; ஏதாவது மாறியிருந்தால் உடனே தெரியும்.

பூவுக்காக நம் ஊரில் அலைய வேண்டியதில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குக் காலையில் போனால் நூறு கிராம் மொட்டு வாங்கிவிடலாம். சாதாரணக் குண்டுமல்லியோடு அடுக்குமல்லியும் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். மொட்டாகச் சிலவற்றையும், மாலையில் விரிந்த பிறகு சிலவற்றையும் பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகப் போக நான்கு வட்டங்கள்: புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். மல்லியில் புல்லியின் நுனிகள் நூல்போல் மெலிந்திருக்கும். இதழ்கள் கீழே ஒன்றாக இணைந்து குழலாகியிருக்கும். அந்தக் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டே இரண்டு மகரந்தத்தாள்கள் இருக்கும். அடுக்குமல்லியில் இதழ் வரிசை கூடியிருக்கிறது. அங்கே மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையும் வடிவமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, படமும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் இந்தக் குறிப்பு தேவைப்படும்.

இன்னொரு பூவும் வேண்டும். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை கடுகை எடுத்துத் தொட்டியில் விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். அதில் நான்கு புல்லி இதழ்கள், நான்கு அல்லி இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள் (நான்கு நீளமாக, இரண்டு குட்டையாக), நடுவில் இரண்டு சூலக இலைகள் இணைந்த சூலகம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் பூவுக்கும் இதே கணக்குதான். பூவின் புரத இடைவினைகளைப் பற்றிய பெரும்பாலான சோதனைகள் அந்தச் செடியில்தான் நடந்திருக்கின்றன; அதன் முழு மரபணுத்தொகை 2000ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. எனவே வலையமைப்பை அராபிடாப்சிஸில் வரைவோம், உறுப்புகளைக் கடுகில் தொட்டுப் பார்ப்போம், மல்லியிடம் கேள்வியோடு திரும்புவோம்.

இரண்டாம் படி: கணினிக்கு முன் தாளில் வரைவது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பின்னால் திரையில் தெரியும் நூறு கோடுகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள். தயவுசெய்து தாளையும் பேனாவையும் எடுங்கள்.

1991இல் என்ரிக்கோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் பூவுறுப்புகளுக்கு ஒரு எளிய விதியை முன்வைத்தார்கள். மரபணுக்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஏ தனியாகச் செயல்பட்டால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி தனியாக என்றால் சூலகம். அராபிடாப்சிஸில் ஏ வகைக்கு அபெட்டலா1, பி வகைக்கு அபெட்டலா3, பிஸ்டிலேட்டா, சி வகைக்கு அகமஸ் என்று பெயர்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். இவை எல்லாம் டிஎன்ஏவில் உட்கார்ந்து பிற மரபணுக்களை முடுக்கும் அல்லது அடக்கும் புரதங்கள். மேட்ஸ் (MADS) என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

2000ஆம் ஆண்டில் செப்பலேட்டா என்ற நெருங்கிய உறவு மரபணுக்களின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு, 2001இல், குந்தர் தைசனும் ஹைன்ஸ் சேட்லரும் இந்த விதியைப் புரதங்களின் மொழியில் சொன்னார்கள்: ஒவ்வோர் உறுப்பையும் தீர்மானிப்பது நான்கு புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டு. அந்த நான்கு கூட்டுகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புல்லி: அபெட்டலா1 இரண்டு, செப்பலேட்டா இரண்டு.
அல்லி: அபெட்டலா1, அபெட்டலா3, பிஸ்டிலேட்டா, செப்பலேட்டா.
மகரந்தத்தாள்: அகமஸ், அபெட்டலா3, பிஸ்டிலேட்டா, செப்பலேட்டா.
சூலகம்: அகமஸ் இரண்டு, செப்பலேட்டா இரண்டு.

இப்போது ஐந்து பெயர்களையும் ஐந்து வட்டங்களாக வரைந்து, ஒரே கூட்டில் இடம்பெறும் இரண்டு இரண்டு பெயர்களைக் கோட்டால் இணையுங்கள். ஐந்து பெயர்களுக்கு இடையே பத்துக் கோடுகள் சாத்தியம். உங்கள் தாளில் ஒன்பதுதான் வரும். அபெட்டலா1க்கும் அகமஸுக்கும் இடையே கோடு இராது. ஏன் இல்லை என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள். பூவின் உள்வட்டங்களில் அகமஸ் செயல்படத் தொடங்கியதும் அபெட்டலா1 மரபணுவை அங்கே அடக்கிவிடுகிறது. இரண்டும் ஒரே கூட்டில் சந்திப்பதில்லை. இல்லாத அந்தக் கோடுதான் பூவை வெளிப்பாதி, உள்பாதி என்று பிரிக்கிறது.

செப்பலேட்டாவோ நான்கு கூட்டுகளிலும் இருக்கிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தரவுத்தளத்தில் தேடுவது

ஸ்ட்ரிங் (STRING) என்ற புரதத் தொடர்புகளின் தரவுத்தளத்தைத் திறவுங்கள். இலவசம், பதிவு செய்யாமலே பயன்படுத்தலாம். ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைத் தேடும் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, ஏபி1 (AP1), ஏபி3 (AP3), பிஐ (PI), ஏஜி (AG), செப்1 (SEP1) முதல் செப்4 (SEP4) வரை என்ற சுருக்கப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வரிக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்யுங்கள். உயிரினப் பெட்டியில் அராபிடாப்சிஸ் தாலியானாவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஏபி1 போன்ற குட்டிப் பெயர்கள் வேறு உயிரினங்களில் வேறு புரதங்களைக் குறிக்கும். இங்கே கவனம் சிதறினால் பிறகு எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை.

பழைய பெயர்களும் குறுக்கே வரும். செப்பலேட்டா1, 2, 3, 4 ஆகியவை முன்பு முறையே ஏஜிஎல்2, ஏஜிஎல்4, ஏஜிஎல்9, ஏஜிஎல்3 என்று அழைக்கப்பட்டன. திரையில் அந்தப் பெயரில் ஒரு வட்டம் வந்தால் புதிய புரதம் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகம் வந்தால் யூனிப்ராட் தரவுத்தளத்தில் அதே புரதத்தின் பக்கத்தைத் திறந்து மாற்றுப் பெயர்களைச் சரிபாருங்கள்.

படம் வந்துவிடும். அழகாகவும் இருக்கும். அதைச் சேமித்து அறிக்கையில் ஒட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். இன்னும் வேலை தொடங்கவே இல்லை.

நான்காம் படி: ஒவ்வொரு கோட்டையும் விசாரிப்பது

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். திரையில் தெரியும் கோடு ஒரு உண்மை அல்ல, ஒரு கூற்று. அதைச் சொல்வது யார், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஏதாவது ஒரு கோட்டின் மேல் சொடுக்கினால் ஒரு சிறு பெட்டி விரியும். அதில் சான்று வகைகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணும் இருக்கும்: ஆய்வகச் சோதனை, பிற தரவுத்தளங்களில் உள்ள பதிவு, ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு பெயர்களும் சேர்ந்து வருவது, இரண்டு மரபணுக்களும் ஒரே சமயத்தில் வெளிப்படுவது, பல உயிரினங்களின் மரபணுத்தொகையில் இரண்டும் அருகருகே அல்லது சேர்ந்தே காணப்படுவது. எல்லாவற்றையும் கூட்டி 0 முதல் 1 வரை ஒரு மொத்த மதிப்பெண் தருகிறார்கள். 0.4 நடுத்தர நம்பகம், 0.7 உயர் நம்பகம், 0.9 மிக உயர் நம்பகம்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 0.9 என்றால் இரண்டு புரதங்களும் இறுகப் பிணைந்திருக்கின்றன என்று பொருள் இல்லை. "இவற்றுக்கு இடையே தொடர்பு உண்டு என்பதில் இவ்வளவு நம்பிக்கை இருக்கிறது" என்று மட்டுமே பொருள். கணக்கையும் பாருங்கள். சோதனைச் சான்று 0.4, கட்டுரைச் சான்று 0.9 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒருசேரத் தவறாக இருக்கும் வாய்ப்பு 0.6 × 0.1, அதாவது 0.06. எனவே மொத்தம் சுமார் 0.94. ஸ்ட்ரிங் இதில் ஒரு சிறு திருத்தம் செய்கிறது என்றாலும் அடிப்படை இதுதான். கம்பீரமாக நிற்கும் அந்த 0.94இல் பெரும்பங்கு, இரண்டு பெயர்களும் ஒரே கட்டுரையில் வந்தன என்பதிலிருந்து கிடைத்தது!

அபெட்டலா1க்கும் அகமஸுக்கும் இடையே திரையில் கோடு தெரிந்தால் அதை உடனே சொடுக்குங்கள். உங்கள் தாளில் அந்தக் கோடு இல்லையே. ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்களைப் பற்றி ஆய்வாளர்கள் சேர்த்தே எழுதுவார்கள். எனவே கட்டுரைச் சான்று ஏறிக்கொள்ளும். தொடர்பு உண்மைதான், ஆனால் அது சேர்க்கை அல்ல, விலக்கல். இந்த வேறுபாட்டை உணர்ந்துவிட்டால், வேறு எந்த வலையமைப்பையும் தைரியமாகப் படிக்கலாம்.

இப்போது அமைப்புகளுக்குப் போய், முழு வலையமைப்புக்குப் பதிலாக உடல்சார் (physical) பிணைப்பை மட்டும் காட்டும் துணை வலையமைப்பைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தபட்ச மதிப்பெண்ணை 0.7 ஆக்குங்கள். பிறகு கட்டுரைச் சான்றை மட்டும் நீக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கோடு மறைந்தது, எது தங்கியது என்று எழுதுங்கள். சில சான்றுகள் வேறு உயிரினத்தின் ஒத்த புரதங்களிலிருந்து கடன் வாங்கியவை; பெட்டியிலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கும், அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூலச் சோதனையைப் பார்க்க விரும்பினால் இன்ட்ஆக்ட், பயோகிரிட் தரவுத்தளங்களில் அதே இணையைத் தேடுங்கள்; எந்த முறையில் கண்டறிந்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கும்.

முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்யூ சாங்கும் ஈஸ்ட் இரு கலப்பு முறையை அறிமுகப்படுத்தினார்கள். ஈஸ்டில் கால்4 என்ற புரதம் டிஎன்ஏவில் ஒட்டும் பகுதி, மரபணுவை முடுக்கும் பகுதி என இரண்டாகப் பிரிக்கக்கூடியது. ஒரு பகுதியோடு முதல் புரதத்தையும் மறுபகுதியோடு இரண்டாம் புரதத்தையும் இணைத்து ஈஸ்ட் செல்லுக்குள் விடுவார்கள். இரண்டு புரதங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் கால்4இன் இரண்டு பகுதிகளும் அருகே வந்து, அடையாள மரபணு வேலை செய்யும். எளிய முறை, பல்லாயிரம் இணைகளைச் சோதிக்கலாம். 2011இல் வெளியான அராபிடாப்சிஸ் இடைவினை வரைபடம் இந்த வழியில்தான் ஏறக்குறைய 2,700 புரதங்களுக்கு இடையே சுமார் 6,200 இடைவினைகளைத் தந்தது. செடிக்கோ புரதம் உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 27,000. வரைபடத்தில் கோடு இல்லையென்றால் இடைவினையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

இரு கலப்பு முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. மகரந்தத்தாள் கூட்டில் அகமஸும் அபெட்டலா3–பிஸ்டிலேட்டா இணையும் சேர்ந்திருக்கின்றன என்று தாளில் வரைந்தோம். அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் அந்தப் பிடிப்பு தெரிவதில்லை; செப்பலேட்டா3 நடுவில் வந்தால்தான் தெரிகிறது. 2001இல் தகாஷி ஹோன்மாவும் கோஜி கோடோவும் இதைக் காட்டினார்கள். அதோடு நிற்கவில்லை: அபெட்டலா3, பிஸ்டிலேட்டா, செப்பலேட்டா3 மூன்றையும் தண்டிலைகளில் வெளிப்பட வைத்தபோது அந்த இலைகள் இதழ்களைப்போல் மாறின, அகமஸையும் சேர்த்தபோது மகரந்தத்தாளைப்போல் மாறின. இலை எங்கே, இதழ் எங்கே! சரியான கூட்டாளிகளை ஓரிடத்தில் சேர்த்ததும் உறுப்பின் தன்மையே மாறிவிட்டது. புரத வலையமைப்பு பண்பை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் படித்ததில்லை. இரண்டு இரண்டாகக் கோடு போடும் படத்தில், இப்படி மூன்றாவது ஒன்று வந்தால்தான் உண்டாகும் பிடிப்பைக் காட்ட வழியில்லை. அதனால்தான் உங்கள் தாளில் உள்ள நான்கு கூட்டுகளின் பட்டியல் திரையில் உள்ள படத்தைவிட ஒரு படி மேலானது. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: மையப் புரதத்தைக் கண்டுபிடிப்பது

ஸ்ட்ரிங்கிலிருந்து தரவை அட்டவணைக் கோப்பாகப் பதிவிறக்கி, சைட்டோஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். எந்த நிரலில் முதல் புரதம், எந்த நிரலில் இரண்டாம் புரதம் என்று அது கேட்கும். பிறகு வலையமைப்பைப் பகுப்பாய்வு செய்யும் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு புரதத்துக்கும் எத்தனை கோடுகள், எத்தனை குறுக்குப் பாதைகள் அதன் வழியே போகின்றன என்று கணக்கிட்டுத் தரும். எட்டுப் புரதங்களுக்கு இதைக் கையாலேயே எண்ணிவிடலாம். ஒருமுறை கையால் எண்ணிவிட்டு மென்பொருளோடு ஒப்பிடுங்கள்.

கோடுகள் அதிகமுள்ள புரதம் முக்கியமானதா? 2001இல் ஈஸ்ட் புரதங்களை வைத்து, வலையமைப்பு ஆய்வாளர் பராபாசியின் குழுவினர் இதைக் கேட்டார்கள். ஐந்து அல்லது அதற்குக் குறைவான கோடுகள் உள்ள புரதங்களில் சுமார் 21 சதவீதம்தான் இல்லாவிட்டால் செல் இறக்கும் வகை. பதினைந்துக்கு மேல் கோடுகள் உள்ளவற்றில் அது சுமார் 62 சதவீதம். இந்த முடிவு அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. இன்றும் பாடங்களில் வருகிறது. ஆனால் விதியாக மனப்பாடம் செய்துகொண்டால் நம் பூவே அதை மறுத்துவிடும்.

செப்பலேட்டா3 மையத்தில் நிற்கிறது. அதை மட்டும் செயலிழக்கச் செய்தால் பூவில் தெரிவது சிறு மாற்றம்தான். செப்பலேட்டா1ஐயோ 2ஐயோ தனியாக நீக்கினாலும் அப்படித்தான். 1, 2, 3 மூன்றையும் சேர்த்து நீக்கியபோது, 2000இல் வெளியான சோதனையில், பூவின் எல்லா உறுப்புகளும் புல்லி இதழ்போல் ஆகிவிட்டன. 2004இல் நான்காவதையும் நீக்கிப் பார்த்தார்கள்; உறுப்புகள் இலைபோல் ஆயின. ஒரே இடத்தில் நிற்கக்கூடிய நான்கு உடன்பிறப்புகள் இருப்பதால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்கிறது. ஆகவே மையப் புரதத்தைக் கண்டதும், அதற்கு நெருங்கிய உறவுப் புரதம் உண்டா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கம் அபெட்டலா3ஐப் பாருங்கள். அதை நீக்கினாலும் பிஸ்டிலேட்டாவை நீக்கினாலும் விளைவு ஒன்றே: இதழ் இருக்க வேண்டிய இடத்தில் புல்லி, மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலக இலை. இரண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்யும், ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லின் உட்கருவுக்குள்ளேயே சரியாக நுழையாது. இரண்டு வெவ்வேறு மரபணுக்களின் பழுது ஒரே தோற்றத்தைத் தந்தால் அவற்றின் புரதங்கள் ஒரே கூட்டைச் சேர்ந்தவையா என்று தேடுவது நல்ல பழக்கம்.

இன்னொரு எச்சரிக்கை. அதிகம் ஆராயப்பட்ட புரதத்துக்குக் கோடுகளும் அதிகம் தெரியும். பிரதான சாலையோரக் கிராமத்தைப் பற்றிய செய்திகள்தான் நாளிதழில் நிறைய வரும். உள்ளே இருக்கும் ஊரில் ஒன்றும் நடப்பதில்லை என்று அதற்குப் பொருளில்லையே.

ஆறாம் படி: எங்கே, எப்போது

தரவுத்தளப் படத்தில் வேர், இலை, மொட்டு எல்லாம் கலந்து கிடக்கின்றன. இரண்டு புரதங்கள் ஈஸ்டுக்குள் பிடித்துக்கொள்ளலாம். செடிக்குள் அவை ஒரே செல்லில் ஒரே நேரத்தில் இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. வண்ணப் பென்சிலை எடுத்து, பூவின் நான்கு உறுப்பு வட்டங்களுக்கும் ஒவ்வொரு நிறம் வைத்து, எந்தப் புரதம் எந்த வட்டத்தில் என்று உங்கள் தாளில் குறியுங்கள். அபெட்டலா1க்கு வெளி இரண்டு, அபெட்டலா3க்கும் பிஸ்டிலேட்டாவுக்கும் நடு இரண்டு, அகமஸுக்கு உள் இரண்டு. ஒரே வலையமைப்பு நான்கு சிறு வலையமைப்புகளாகப் பிரிவது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

எல்லை நகர்ந்தாலே பண்பு மாறிவிடும். தோட்ட ரோஜாக்களில் இதழ் அடுக்குவதற்கும் அகமஸுக்கு நிகரான மரபணு வெளிப்படும் பரப்பு மையம் நோக்கிச் சுருங்குவதற்கும் தொடர்பிருப்பதை 2010இல் காட்டினார்கள். புரதம் அழியவில்லை, அது நிற்கும் இடம்தான் குறுகியது.

ஏழாம் படி: ஊகித்துச் சரிபார்ப்பது

தாளை வைத்துக்கொண்டு ஒரு புரதத்தை அடித்துவிடுங்கள். அகமஸை அடித்தால்? மூன்றாம் வட்டத்தில் பியோடு சேர சி இல்லை. சி இல்லாததால் ஏ உள்ளேயும் பரவுகிறது. எனவே மகரந்தத்தாள் இடத்தில் இதழ். நான்காம் வட்டத்தில் சூலகம் வராது; மொட்டின் வளர்ச்சியை நிறுத்தும் வேலையும் அகமஸுடையது என்பதால் அங்கே இன்னொரு பூவே தொடங்குகிறது. புல்லி, இதழ், இதழ், மறுபடி புல்லி, இதழ், இதழ் என்று அடுக்கு வளர்கிறது. உங்கள் ஊகத்தை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே அந்த மரபணுப் பழுதுள்ள செடியின் படத்தைத் தேடிப் பாருங்கள். விடையைப் பார்த்துவிட்டு ஊகித்தால் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.

மகரந்தத்தாளும் சூலகமும் இல்லாத பூ விதை கட்டாது. இப்படிப்பட்ட அடுக்குப் பூக்களை மனிதர்கள் பதியனாலும் போத்தாலும்தான் காப்பாற்றி வருகிறார்கள். மல்லியையும் நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. இராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் வேர்பிடிக்க வைத்த கன்றுகள்தான் மதுரைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு வருகின்றன. தாய்ச்செடியின் மரபணுக்கள் அப்படியே தொடர்வதால் பண்பும் அப்படியே தொடர்கிறது.

மனிதப் புரதங்களுக்குப் போகிறவர்களுக்கு

இதுவரை பார்த்தது கூட்டாளி இல்லாமல் போவதால் வரும் மாற்றம். புதிதாக ஒரு கோடு முளைத்தாலும் பண்பு மாறும். அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலைன் வருகிறது. நீரை விலக்கும் அந்தச் சிறு இடம், ஆக்சிஜனை விட்டபின், பக்கத்து ஹீமோகுளோபினின் பள்ளத்தில் போய்ப் பொருந்துகிறது. முன்பு இல்லாத இந்த ஒட்டலால் இழைகள் உருவாகி, சிவப்பணு வளைகிறது. நம் மாநிலத்திலேயே, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தப் பண்பு இருப்பது 1952இல் பதிவானது. யூனிப்ராட்டில் இந்தப் புரதத்தைத் திறந்தால் ஆறுக்குப் பதில் ஏழு என்று இருக்கும். தொடக்கத்தில் வெட்டப்படும் மெத்தியோனைனையும் சேர்த்து எண்ணுவதுதான் காரணம். இடமெண்ணை எப்போதும் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் புதிய கோட்டை ஸ்ட்ரிங் படத்தில் தேடாதீர்கள். அங்கே ஒரு மரபணுவுக்கு ஒரு வட்டம்தான், அதன் மாறுபட்ட வடிவங்களுக்குத் தனி வட்டம் இல்லை.

கடைசிப் படி: மல்லியிடம் திரும்புவது

குண்டுமல்லி இனத்தின் மரபணுத்தொகை வரிசை வெளியாகியிருக்கிறது. அராபிடாப்சிஸின் எட்டுப் புரத வரிசைகளையும் எடுத்து, பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுக் கருவியில் கொடுத்து, மல்லியில் அவற்றுக்கு நிகரானவற்றைத் தேடலாம். மேட்ஸ் குடும்பத்தினர் எல்லோரும் முன்பகுதியில் ஒரேமாதிரி இருப்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மேட்ஸ் மரபணுக்கள் அராபிடாப்சிஸிலேயே உண்டு. எனவே முதலில் வரும் விடையை எடுத்துக்கொள்ளாமல், முழு நீளத்துக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்துக்குப் பின் ஆய்வகம் வேண்டும். ஒத்தக்கடையில் யானைமலை அடியில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, தேனி சாலையில் பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள் இருக்கின்றன. பேராசிரியர் ஒருவரிடம் போகும்போது ஒரே பக்கம் எடுத்துச் செல்லுங்கள்: மேலே உங்கள் கேள்வி, அடுத்து கையால் வரைந்த நான்கு கூட்டுகள், அதன் கீழே ஒவ்வொரு கோட்டுக்கும் சான்று வகையும் மதிப்பெண்ணும் உள்ள அட்டவணை, முதல் படியில் எண்ணிய மல்லி உறுப்புகளின் குறிப்பு, கடைசியாக உங்கள் ஊகம். "அடுக்குமல்லி மொட்டின் மூன்றாம் வட்டத்தில் அகமஸுக்கு நிகரான மரபணுவின் வெளிப்பாடு குண்டுமல்லியைவிடக் குறைந்திருக்குமா?" என்ற அளவில் கேள்வி கூர்மையாக இருக்கட்டும்.

மாதிரி சேகரிக்கும் எண்ணம் இருந்தால் மார்கழி, தை வேண்டாம். பனியில் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். பங்குனிக்கு மேல் மொட்டு தாராளமாகக் கிடைக்கும். உறுப்புகள் தீர்மானமாவது மொட்டு மிகச் சிறிதாக இருக்கும்போதே என்பதால் சந்தைக்கு வரும் முதிர்ந்த மொட்டு இதற்குப் பயன்படாது. தோட்டக்காரரிடம் சொல்லி, கடுகளவு மொட்டுகளைச் செடியிலேயே கிள்ளி எடுத்து, பறித்த கையோடு குளிரூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும்.